இலவச லினக்ஸ்: என்ன விலை?

உரிமக் கட்டணம் மிச்சம்தான். ஆனால் கேரளப் பள்ளிகளின் லாபக் கணக்கு அதோடு முடிவதில்லை.

ரூ 3,000 கோடி. பள்ளி கம்ப்யூட்டர்களில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸைப் பயன்படுத்துவதால் கேரளத்துக்கு மிச்சமாகும் என்று 2019ல் அறிவிக்கப்பட்ட தொகை இது. கணக்கு எளிது: 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள், ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் மற்ற மென்பொருள்களையும் விலைக்கு வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் சுமார் ரூ 1.5 லட்சம்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டையும் உண்டு. படம் வரைவது, வீடியோ எடிட்டிங், அனிமேஷன் என்று அத்தனை மென்பொருளையும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் முழு விலை கொடுத்து வாங்கினால்தான் அது சரிவரும். பள்ளிகளுக்கோ சலுகை விலை உண்டு.

உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. லினக்ஸின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. எனவே பாடத்திட்டத்துக்கு ஏற்ப அதை மாற்றவும், மலையாளத்தைச் சேர்க்கவும், பள்ளிதோறும் வினியோகிக்கவும் கேரளம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதே தொகுப்பை மாணவர் வீட்டிலும் போட்டுக்கொள்ளலாம். திருட்டுப் பிரதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

விண்டோஸில் கடிவாளம் கம்பெனியின் கையில். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ல் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றை ஏற்பதில்லை. நன்றாக ஓடும் இயந்திரத்தையும் மாற்ற வேண்டிய நிர்ப்பந்தம். லினக்ஸ் பதிப்புகளுக்கும் காலக்கெடு உண்டு. ஆனால் அடுத்த பதிப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். பழைய கம்ப்யூட்டருக்கு ஏற்ற எளிய பதிப்புகளும் கிடைக்கின்றன.

அதற்காக விண்டோஸைத் தள்ளிவிடவும் முடியாது. பள்ளியை விட்டு வெளியேறும் மாணவர் வேலைக்குப் போகும் அலுவலகத்தில் பெரும்பாலும் இருப்பது அதுதான். கணக்கு எழுதும் பிரபல மென்பொருளான டாலியும் விண்டோஸுக்கானதுதான்.

இலவசம் என்பதால் மட்டும் லினக்ஸ் நிலைத்துவிடாது என்பதற்கு ஜெர்மனியின் மியூனிக் நகரம் சாட்சி. 2003ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றிய மாநகராட்சி, 2017ல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. மற்ற அலுவலகங்களிலிருந்து வரும் கோப்புகள் சரியாகத் திறப்பதில்லை என்பது ஊழியர்களின் புகார்களில் ஒன்று.

கேரளத்தில் லினக்ஸ் வேரூன்றக் காரணம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் பாடப் புத்தகத்தையே அதைச் சார்ந்து எழுதியதும்தான். இரண்டுக்கும் செலவு உண்டு. இலவச மென்பொருளை நாடும் மற்ற மாநிலங்கள் முதலில் ஒதுக்க வேண்டியது அந்தப் பணத்தைத்தான்.