வழியில் மறித்துக் காசு கேட்டால்...

வடகிழக்கிலிருந்து வரும் நெடுந்தூர ரயில் வேலூரின் காட்பாடி சந்திப்பில் நின்றால், இறங்குகிறவர்களில் நோயாளி யார் என்று யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் எக்ஸ்ரே கவர், முகத்தில் இரண்டு இரவு தூங்காத களைப்பு. கூடவே வந்த வயதான அம்மாவை ஒரு தூண் ஓரமாக உட்காரவைத்துவிட்டு, மகன் ஆட்டோ தேடிப் போகிறார். அந்த ஐந்து நிமிடத்துக்குள் அம்மாவின் முன்னால் ஒரு கை நீள்கிறது. முதலில் கெஞ்சல், பிறகு சேலைத் தலைப்பைப் பிடித்து இழுப்பு. அவருக்குத் தமிழ் தெரியாது. கைப்பையைத் திறக்கிறார். சிகிச்சைக்குக் கொண்டுவந்த பணம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து, வேலூரை நோயாளிகளின் ஊராக ஆக்கியிருக்கிறது. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம் என்று வருகிறார்கள், வங்கதேசத்திலிருந்தும் வருகிறார்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் வங்காள எழுத்தில் பலகை மாட்டியிருக்கின்றன. கையில் ரொக்கம், தெரியாத மொழி, மனதில் கலக்கம். இப்படி ஒரு கூட்டம் தினமும் வந்து இறங்கும் ஊரில், உண்மையிலேயே இல்லாதவர்களும் கையேந்துவார்கள், அவர்களைப் போலப் பேசிப் பிழைப்பவர்களும் கையேந்துவார்கள்.

வேலூரிலிருந்து பாலாற்றை ஒட்டி மேற்கே போனால் ஆம்பூரும் வாணியம்பாடியும். கிழக்கே மேல்விஷாரமும் ராணிப்பேட்டையும். மலையடிவாரத்தில் பேரணாம்பட்டு. தோல் பதனிட்டும் காலணி தைத்தும் வாழும் ஊர்கள் இவை. கொடுக்கும் பழக்கம் ஊறிப்போன ஊர்களும்கூட. ரமலான் மாதத்தில் சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கை ஜகாத்தாகக் கணக்கிட்டுக் கொடுக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். கொடுப்பவர்கள் இருக்கும் இடத்துக்குக் கேட்பவர்கள் வருவது இயல்பு. அதில் தப்பு ஒன்றுமில்லை.

தப்பு தொடங்குவது எங்கே? கேட்பது கட்டாயமாக மாறும் இடத்தில். வழியை மறிப்பது, தொட்டுப் பிடிப்பது, சாபம் விடுவேன் என்பது, பத்து ரூபாய் கொடுத்தால் நூறு கேட்பது, பின்னாலேயே தெருமுனைவரை வருவது. இந்த நேரத்தில் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பயந்துபோய் பர்ஸைத் திறக்கிறார்கள், இல்லையென்றால் கோபத்தில் கத்துகிறார்கள். இரண்டுமே ஆபத்தைக் கூட்டும். பர்ஸைத் திறந்தால் எவ்வளவு இருக்கிறது என்பது கேட்பவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கும் தெரிந்துவிடும். கத்தினால் கூட்டம் கூடும். கூட்டத்தில் பை தொலையும். பத்து ரூபாய் நோட்டைத் தரையில் போட்டுவிட்டு ‘உங்க பணம் விழுந்திருக்கு பாருங்க’ என்று சொல்லி, குனியும் நேரத்தில் பையைத் தூக்கிப் போகும் கும்பல்களைப் பற்றித் தமிழகக் காவல்துறை பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது. அவர்களுக்குத் தேவை கவனம் சிதறும் அந்த ஒரு நொடிதான்.

ஆகவே கொடுப்பதா வேண்டாமா என்பதைத் தெருவில் நின்று முடிவு செய்யவே கூடாது. வீட்டை விட்டோ விடுதியை விட்டோ கிளம்பும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். கொடுக்க நினைப்பவர் பத்து ரூபாய் நோட்டு, நாணயம் என்று கொஞ்சத்தைச் சட்டைப்பையிலோ சேலைத் தலைப்பின் முடிச்சிலோ தனியாக வைத்துக்கொள்ளலாம். அது தீர்ந்தால் அன்றைய கொடை தீர்ந்தது. பெரிய பணம் உள்பையைவிட்டு வெளியே வருவது மருத்துவமனை கட்டணக் கவுன்ட்டரிலோ மருந்துக் கடையிலோ மட்டும்தான்.

கொடுக்க நினைக்காதவர் ‘இல்லை’யைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். நடையை நிறுத்தாமல், முகத்தைப் பார்த்து, ஒரே முறை: ‘இல்லம்மா’, ‘இல்லண்ணா, மன்னிச்சிடுங்க’. ஆம்பூர் கடைவீதியில் உருது பேசும் பெரியவர்கள் ‘மாஃப் கரோ பாபா’ என்று கையை லேசாக உயர்த்தி நகர்ந்துவிடுவார்கள். அதில் மரியாதையும் இருக்கிறது, முடிவும் இருக்கிறது. ‘சில்லறை இல்லையே’ என்று காரணம் சொல்வதுதான் சிக்கல். ‘நான் மாத்தித் தரேன்’, ‘ஜிபே பண்ணுங்க’ என்று அடுத்த பேச்சு தயாராக இருக்கும். காரணம் சொல்லச் சொல்லப் பேரம் வளரும். திட்டவோ, ‘உழைச்சுச் சாப்பிடக் கூடாதா’ என்று புத்தி சொல்லவோ தேவையில்லை. பசித்தவருக்கு அது அவமானம். மிரட்ட வந்தவருக்குச் சண்டைக்கு ஒரு சாக்கு.

அதன் பிறகும் ஒருவர் பின்தொடர்ந்தால், ஆளில்லாத பக்கமோ வண்டி நிறுத்திய இடமோ போகக் கூடாது. பக்கத்து மருந்துக் கடை, டீக்கடை, ஓட்டல் என்று வெளிச்சமும் ஆளும் உள்ள இடத்துக்குள் நுழைந்து, கடைக்காரரிடம் உரக்கச் சொல்ல வேண்டும்: ‘அண்ணே, இவர் பின்னாடியே வரார்.’ வேலூர் புதிய பேருந்து நிலையமாக இருந்தால் புறக்காவல் நிலையத்தையோ, நேரக்காப்பாளர் அறையையோ தேடிப் போகலாம். கத்தி காட்டியோ கூட்டமாகச் சூழ்ந்தோ கேட்டால் பணத்தைக் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். உயிருக்கு முன்னால் ரொக்கம் ஒன்றுமில்லை. நகர்ந்து பத்திரமான இடத்துக்கு வந்ததும் அவசர உதவி எண்ணான 112-ஐ அழைக்க வேண்டும்.

மருத்துவமனை ஊரில் கேட்பவர்கள் பெரும்பாலும் கதையோடு வருகிறார்கள். ‘ஆபரேஷனுக்குப் பணம் குறையுது’, ‘மாத்திரை வாங்க முந்நூறு ரூபாய் வேணும்’, ‘பர்ஸ் தொலைஞ்சிடுச்சு, ஊருக்குப் போகணும்’. கையில் மருந்துச் சீட்டு ஒன்று மடித்து வைத்திருப்பார்கள். இதில் உண்மையும் உண்டு. சிகிச்சைக்காக நிலத்தை விற்றுவிட்டு வந்து, பாதியில் பணம் தீர்ந்து தெருவில் நின்ற குடும்பங்களை வேலூர் பார்த்திருக்கிறது. அதனால் எல்லோரையும் ஏமாற்றுக்காரர் என்று தள்ளிவிட மனம் வராது, வரவும் கூடாது. உண்மையா பொய்யா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. ஆனால் பணத்தை எங்கே கொடுப்பது என்பது கொடுப்பவர் கையில் இருக்கிறது. மாத்திரைக்கு என்றால், மருந்துக் கடையில் நேரடியாகக் கட்டலாம். பிரிக்காத மருந்தைத் திருப்பிக் கொடுத்துக் காசாக்குவதும் நடப்பதால், அட்டையைக் கிழித்துக் கொடுக்கச் சொல்வது நல்லது. பசி என்றால் சாப்பாடு வாங்கித் தரலாம். 2013-ல் தொடங்கிய அம்மா உணவகங்கள் வேலூர் மாநகராட்சியிலும் திறக்கப்பட்டன. அங்கே ஒரு இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய் என்றுதான் விலை வைத்தார்கள்.

அரசின் சில திட்டங்களைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு இன்னும் தெளிவாகப் பதில் சொல்ல முடியும். ‘விபத்தில் அடிபட்டுக் கிடக்கிறார், உடனே பணம் கட்டணும்’ என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் தமிழக எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கிய எவருக்கும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கான செலவை அரசே ஏற்கிறது. அறுவை சிகிச்சை என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அடுக்கம்பாறையில் அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. பெரிய தனியார் மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர்கள் இருப்பார்கள். ஏழை நோயாளிக்கு உதவ விரும்புகிறவர் அவர்கள் மூலம் கொடுத்தால், பணம் நோயாளியின் கணக்கில் ரசீதோடு சேரும். ‘டவுன் பஸ்ஸுக்குக் காசு இல்லை’ என்று ஒரு பெண் சொன்னால், 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை என்பதை அன்பாக நினைவூட்டலாம். நிஜமாகவே உதவி தேவைப்படுபவருக்கு இந்தத் தகவல் பத்து ரூபாயைவிடப் பெரியது.

ரயிலில் நிலைமை வேறு, நகர்ந்துபோக இடமில்லை. ஜோலார்பேட்டையில் ஏறி ஆம்பூர், குடியாத்தம், காட்பாடி வழியாகச் சென்னை போகிறவர்களுக்கு, அச்சடித்த சீட்டை மடியில் வைத்துவிட்டுப் போகிறவர்களும், பெட்டியைப் பெருக்கிவிட்டுக் கை நீட்டும் சிறுவர்களும் பழக்கம். சீட்டை எடுத்துப் படிக்க வேண்டியதில்லை. திரும்பி வரும்போது பேசாமல் கொடுத்துவிட்டால் போதும்.

திருநங்கைகள் கேட்டு வருவதைப் பற்றித்தான் பலர் புகார் சொல்கிறார்கள். ‘கடை கேட்பது’ என்று அவர்களுக்குள் சொல்லப்படும் இந்த வழக்கத்துக்குப் பின்னால், வீடு விரட்டிய, பள்ளி கைவிட்ட, வேலை தர யாரும் முன்வராத ஒரு வாழ்க்கை இருக்கிறது. நாட்டுக்கே முன்னோடியாகத் தமிழகம் 2008-ல் அவர்களுக்கு நலவாரியம் அமைத்தது. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்தது. ஆனாலும் வேலைவாய்ப்பு இன்னும் எட்டவில்லை. கேலி செய்வது, போனில் படம் பிடிப்பது, முகத்தைச் சுளிப்பது ஆகியவைதான் பெரும்பாலும் தகராறை மூட்டுகின்றன. ‘இல்லக்கா’ என்று மரியாதையோடு சொன்னால் அநேகமாக நகர்ந்துவிடுவார்கள். யாராவது ஒருவர் கைவைத்து மிரட்டினால், புகார் அந்த ஒரு ஆளின் செயல்மீது இருக்க வேண்டும். ஒரு சமூகத்தின்மீது இருக்கக் கூடாது. ரயிலில் உதவிக்கு 139. காட்பாடியிலும் ஜோலார்பேட்டையிலும் இருப்புப்பாதை காவல் நிலையங்கள் உள்ளன.

பெண்கள் பெட்டி காலியாகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் கோவை - திருப்பதி விரைவு ரயிலில், மற்ற பெண்கள் ஜோலார்பேட்டையில் இறங்கிவிட, தனியே இருந்த கர்ப்பிணியை உள்ளே ஏறிய ஒருவன் தாக்கி, கே.வி.குப்பம் அருகே ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிட்டான். அது காசு கேட்ட சம்பவம் அல்ல. ஆனால் தனியாக மாட்டிக்கொண்டால் நல்ல பேச்சு காப்பாற்றாது என்பதை இந்தப் பாதையில் பயணிக்கும் ஒவ்வொரு பெண்ணும் அன்றைக்கு உணர்ந்தார். பெட்டி காலியானால் அடுத்த நிலையத்திலேயே ஆள் இருக்கும் பெட்டிக்கு மாறிவிடுவது நல்லது.

இப்போது கேட்பவர் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. ‘ஒரு கால் பண்ணிக்கிறேன், போன் குடுங்க’ என்றால், எண்ணைக் கேட்டு நீங்களே அழுத்தி, ஸ்பீக்கரில் பேசவைக்கலாம்; போன் உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது. ‘கையில காசு தரேன், என் நம்பருக்கு அனுப்புங்க’ என்பதை மறுத்துவிடுங்கள். போன் வழியாகப் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அதைப் போடச் சொன்னால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று பொருள். ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே இணையவழிக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்தால் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.

குழந்தைகள் கேட்டால்? மனம் இளகும். ஆனால் அந்தக் காசு குழந்தையிடம் தங்காமல் போவதும், நாளையும் அதே இடத்தில் அந்தக் குழந்தையை நிறுத்துவதும் நடக்கிறது. குழந்தையைப் பிச்சை எடுக்கவைப்பவருக்கு 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் ஐந்து ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. பிஸ்கட்டோ வாழைப்பழமோ கொடுத்துவிட்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு ஒரு அழைப்பு. குழந்தைக்குச் செய்யக்கூடிய உதவி அதுதான். ஒரு குழந்தைக்குப் பணம் கொடுத்த மறுநிமிடம் பத்துப் பேர் சூழ்ந்துகொள்வதும் உண்டு. கூட்டத்துக்கு நடுவே கொடுப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு இந்தத் தோல் தொழில் வட்டாரமே ஒரு கொடுமையான சாட்சி. 2023 பிப்ரவரி 4 அன்று வாணியம்பாடியில், தைப்பூசத்தையொட்டித் தனியார் ஒருவர் இலவச வேட்டி சேலைக்கு டோக்கன் கொடுத்தபோது ஏற்பட்ட நெரிசலில் நான்கு பெண்கள் இறந்தார்கள். நல்ல மனம் மட்டும் போதாது. வரிசையும் இடமும் ஏற்பாடும் வேண்டும்.

சட்டம் யார் பக்கம்? தமிழகத்தில் 1945-ம் ஆண்டு பிச்சை எடுத்தல் தடுப்புச் சட்டம் இன்னும் இருக்கிறது. ரயிலில் பிச்சை எடுப்பதை ரயில்வே சட்டத்தின் 144-வது பிரிவு அனுமதிப்பதில்லை. ஆனால் நீதிமன்றங்களின் பார்வை மாறிவருகிறது. 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அங்கே பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய பிரிவுகளை ரத்து செய்தது. 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம், வறுமையால்தான் மக்கள் கையேந்துகிறார்கள், அவர்களைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்தச் சொல்ல முடியாது என்று கூறியது. அது சரியான பார்வை. கையேந்துவது வேறு, மிரட்டுவது வேறு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், வழிமறித்து நகரவிடாமல் தடுப்பது 126-வது பிரிவிலும், பயமுறுத்திப் பணம் பறிப்பது 308-வது பிரிவிலும் குற்றம்; பணம் பறித்தால் ஏழு ஆண்டுவரை சிறை. புகார் கொடுக்கும்போது ‘பிச்சை கேட்டார்’ என்று எழுதாமல், ‘வழிமறித்தார், இன்னது சொல்லி மிரட்டினார், இவ்வளவு பறித்தார்’ என்று நடந்ததை நேரத்தோடும் இடத்தோடும் எழுதுவது முக்கியம்.

கேட்பவர் எல்லோரையும் சந்தேகிக்கத் தொடங்கினால் இந்த ஊர்களின் குணமே போய்விடும். தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு முதியவர், பிச்சை எடுத்துச் சேர்த்த பணத்தைப் பத்தாயிரம் பத்தாயிரமாக மாவட்ட ஆட்சியர்களிடம் நிவாரண நிதிக்குக் கொடுத்துவந்தார். கொரோனா ஆண்டான 2020-ல் மதுரை மாவட்ட நிர்வாகம் அவரைப் பாராட்டிக் கௌரவித்தது. கையேந்தும் மனிதருக்குள் யார் இருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. அதனால்தான் மறுக்கும்போதும் மரியாதை வேண்டும்.

உங்கள் வீட்டிலிருந்தோ ஊரிலிருந்தோ யாராவது வேலூருக்குச் சிகிச்சைக்குக் கிளம்பினால், டிக்கெட்டோடு சேர்த்து இதையும் செய்து கொடுங்கள்: பெரிய பணத்தை உள்பையிலும் சில்லறையை வெளிப்பையிலும் பிரித்து வையுங்கள், 112, 139, 1098, 1930 ஆகிய எண்களை அவர்கள் போனில் பதிந்து, அவர்களுக்குத் தெரிந்த மொழியில் ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.