திண்டுக்கல் ஒப்பந்தம் காட்டிய வழி

வேலை செய்யும் இடத்தில் பெண்ணுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் பொறுப்பு முதலாளிக்கே உரியது என்று இந்தியாவில் உறுதிபட வரையறுத்தது, 1997இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய விசாகா தீர்ப்பு. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி, 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு உள்ளானதே அவ்வழக்குக்குக் காரணம். அத்தீர்ப்பு வகுத்த நெறிமுறைகள் சட்டமாவதற்கு மேலும் 16 ஆண்டுகள் ஆயின என்பது வேதனைக்குரியது.

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஒவ்வொரு நிறுவனமும் உள்ளகப் புகார்க் குழுவை, அதாவது பெண் ஒருவரின் தலைமையில், உறுப்பினரில் பாதிப்பேராவது பெண்களாகவும் வெளியாள் ஒருவரைக் கொண்டதாகவும் அமைந்து புகாரை விசாரிக்கும் அமைப்பை, நிறுவியாக வேண்டும். சிறிய இடங்களில் உழைப்போரும் வீட்டு வேலை செய்வோரும் மாவட்ட உள்ளூர்க் குழுவை நாடலாம். சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் எழுத்தில் தரப்படும் புகார் 90 நாட்களில் விசாரித்து முடிக்கப்பட வேண்டும். ஆனால் குழுவை நியமிப்பவர் முதலாளியே என்பதால், மேற்பார்வையாளர் மீது புகார் தரும் தையல் தொழிலாளி, அந்த மேற்பார்வையாளரை வேலைக்கு வைத்திருக்கும் நிர்வாகத்திடமே நீதி கேட்க வேண்டியிருக்கிறது. சாதியின் பெயரால் நிகழும் பாகுபாடோ இச்சட்டத்தின் எல்லைக்குள் வருவதே இல்லை.

இவ்விரு குறைகளையும் ஒருங்கே எதிர்கொண்டது திண்டுக்கல் ஒப்பந்தம். திண்டுக்கல் மாவட்ட ஆடை ஆலையொன்றில் பணிபுரிந்த இளம் தலித் பெண் 2021இன் தொடக்கத்தில் கொல்லப்பட்ட பின், தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் நடத்திய போராட்டத்தின் விளைவாக, ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் ஆடை வாங்கும் எச் அண்டு எம் நிறுவனமும் 2022 ஏப்ரலில் அதில் கையெழுத்திட்டன. ஆடை வாங்கும் கேப், பிவிஎச் ஆகிய நிறுவனங்களும் பின்னர் இணைந்தன. பாலினம், சாதி ஆகிய இரண்டின் அடிப்படையிலான வன்முறையையும் அது தடைசெய்தது. தொழிற்சங்கம் பயிற்சி அளித்த பெண் தொழிலாளர்களே ஆலைக்குள் கண்காணிப்பாளர்களாயினர். ஆலை நிர்வாகம் உடன்பாட்டை மீறினால், ஆடை வாங்கும் நிறுவனம் வணிகத்தின் வழியாகவே அதற்கு நெருக்கடி தரக் கடமைப்பட்டது.

உண்மையான வேறுபாடு இங்கேதான் உள்ளது. குழு அமைக்கத் தவறும் முதலாளிக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் முதல் முறை விதிப்பது 50,000 ரூபாய் வரையிலான அபராதமே. ஏற்றுமதி ஆலைக்கு அது பொருட்டன்று, ஆனால் ஆர்டரை இழப்பது பொருட்டே. சட்டத்தின் அமலாக்கத்தில் கடுமையான குறைபாடுகள் இருப்பதை உச்ச நீதிமன்றமே 2023 மே மாதத் தீர்ப்பில் சுட்டிக்காட்டியது. புகார்க் குழுக்களில் தொழிலாளர்கள் தாமே தேர்ந்தெடுக்கும் பெண் பிரதிநிதிகளுக்கு இடமளிக்கும் வகையில் நாடாளுமன்றம் இச்சட்டத்தைத் திருத்த வேண்டும். அதுவரை காத்திராமல், தமிழ்நாட்டின் ஆடை ஆலைகள் தாமாகவே அதைச் செய்ய முன்வர வேண்டும்.