கோ, வென்ட், கான்... கோவிந்தா!

'போயிருக்கார்' என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அது தமிழில் ஒரே சம்பளத்துக்கு இரண்டு வேலை பார்க்கிறது. 'அவர் சேலம் போயிருக்கார்' என்றால் ஆள் இப்போது ஊரில் இல்லை, இன்னும் திரும்பவில்லை. 'அவர் சிங்கப்பூர்கூட போயிருக்கார்' என்றால் ஆள் போய், சுற்றிப் பார்த்து, சென்ட் பாட்டில் வாங்கிக்கொண்டு, பத்திரமாகத் திரும்பி வந்து நம் எதிரிலேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார். வார்த்தை ஒன்றுதான். நமக்குக் குழப்பமே வருவதில்லை. பேச்சுப் போகிற போக்கிலேயே புரிந்துவிடும்.

இங்கிலீஷ்காரன் இதற்கு இரண்டு வைத்திருக்கிறான். போனவர் இன்னும் வரவில்லையா? ஹேஸ் கான். போய்விட்டு வந்தாகிவிட்டதா? ஹேஸ் பீன். மாற்றிப் போட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்காக, கள்ளக்குறிச்சியில் ஓர் ஆபீஸில் நடந்த கதை. எந்த ஆபீஸ் என்று துப்பறிய வேண்டாம்.

ஒரு டெண்டரில் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாள், மாலை ஐந்து மணிக்குள் சேலத்தில் பெட்டியில் போட வேண்டும். காகிதம் சேலம் கிளையில் தயார். மேனேஜரும் அன்று காலையிலேயே வேறு வேலையாகச் சேலம் கிளம்பிவிட்டார். செல்போன் சுவிட்ச் ஆஃப். சென்னையிலிருந்து மெயில் வருகிறது, 'மேனேஜர் எங்கே?' என்று. நம்ம பையன் பி.காம்., டைப்பிங்கில் புலி. பதில் தட்டினான்: 'சார் ஹேஸ் பீன் டு சேலம்.'

சென்னைக்காரர் இங்கிலீஷ் மீடியம். படித்தார். 'ஓகோ, சேலம் போய்விட்டு வந்துவிட்டார், கள்ளக்குறிச்சியில்தான் இருக்கிறார்' என்று சரியாகவே புரிந்துகொண்டார். உடனே சேலம் கிளைக்கு உத்தரவு: காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓடு கள்ளக்குறிச்சிக்கு! கையெழுத்துப் போட வேண்டிய கை சேலத்தில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, காகிதம் வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம் என்று பஸ்ஸில் ஊர்வலம் வந்து கள்ளக்குறிச்சியில் இறங்கியது. மேனேஜர் நாற்காலியில் துண்டு மட்டும்தான் இருந்தது. மறுபடி திரும்பிப் போக நேரமில்லை. டெண்டர் கோவிந்தா!

பையனுக்கு மெமோ வந்தது. 'கவனக்குறைவு' என்று போட்டிருந்தார்கள். எனக்கு அதில்தான் ஆட்சேபணை. அவன் கவனமாகத்தான் எழுதினான். ஏன்டா இப்படி எழுதினே என்று கேட்டேன்.

"இல்ல சார்... 'ஹேஸ் கான்'னு போட்டா, மனுஷன் போய்ச் சேர்ந்துட்ட மாதிரி இருக்கு. 'பீன்' கொஞ்சம் மரியாதையா இருக்கேன்னு..."

சிரிக்காதீர்கள். இதில் நியாயம் இருக்கிறது. 'பெரியவர் போயிட்டார்' என்று போனில் யாராவது சொன்னால் நாம் பஸ் ஸ்டாண்டைப் பற்றியா நினைக்கிறோம்? மாலை வாங்கப் பூக்கடைக்கு அல்லவா ஓடுகிறோம்! அந்தத் தமிழ்ப் பயம்தான் இங்கிலீஷிலும் கூடவே வந்துவிட்டது. 'ஹேஸ் கான் டு சேலம்' என்று பின்னால் ஊர் பெயர் இருந்தால் ஆள் உயிரோடு சௌக்கியமாக இருக்கிறார். தைரியமாக எழுதலாம்.

எது கான், எது பீன் என்று கண்டுபிடிக்க இலக்கணப் புத்தகம் தேவையில்லை. 'போயிருக்கார்' வருகிற இடத்தில் 'போயிட்டு வந்திருக்கார்' என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் பீன். பொருந்தாவிட்டால் கான். அவ்வளவுதான்.

இந்தப் பீன் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் மறக்கவே மறக்காது. அது கோ வீட்டுப் பிள்ளையே அல்ல. 'பி' என்கிற இருத்தல் வினையின் பிள்ளை. ஈஸ், வாஸ், பீன் என்று வருமே, அந்தக் குடும்பம். 'ஹீ ஹேஸ் பீன் டு சேலம்' என்றால், அவர் சேலத்தில் 'இருந்துவிட்டு' வந்தவர் என்று அர்த்தம். இருந்தாயிற்று, முடிந்தாயிற்று, வந்தாயிற்று.

சரி, வென்ட்டாவது சொந்தப் பிள்ளையா என்றால், அதுவும் தத்து! செண்ட், பெண்ட், லெண்ட் எல்லாம் இறந்தகாலத்தில் சென்ட், பென்ட், லென்ட் என்று ஆகின்றன அல்லவா? அதே ஜாதியில் 'வெண்ட்' என்று ஒரு வினை உண்டு. வழி பிடித்துப் போவது என்று பொருள். அதன் இறந்தகாலம்தான் வென்ட். பழைய இங்கிலீஷில் கோவுக்கு வேறு ஓர் இறந்தகாலம் இருந்தது. அது வழக்கொழிந்து, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் வென்ட் வந்து கோவின் திண்ணையில் உட்கார்ந்துவிட்டது. பிறந்த வீட்டுக்கு அது திரும்பவே இல்லை. அங்கே வேறு வழியில்லாமல் 'வெண்டட்' என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டார்கள். ஆக, இங்கிலீஷிலேயே அதிகம் புழங்குகிற வினைகளில் ஒன்று, அங்கே ஒரு கைமாற்று, இங்கே ஒரு கைமாற்று என்று வாங்கித்தான் குடித்தனம் நடத்துகிறது. மாதக் கடைசியில் நாம் வெட்கப்பட வேண்டியதே இல்லை.

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இதெல்லாம் சட்டென்று புரியும். நம் ஊரே வென்ட் மாதிரி ஊர்தான். தென்னாற்காட்டில் இருந்தோம். 1993ல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தபோது அங்கே போனோம். 2019 நவம்பர் 26 அன்று தமிழ்நாட்டின் 34வது மாவட்டமாகத் தனிக்குடித்தனம் வந்தோம். கல்வராயன் மலைக்கும் தனித் தாலுகா, வெள்ளிமலையில் ஆபீஸ்.

அந்த வெள்ளிமலைப் பக்கத்துப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். மலையாளி. கேரளா என்று நினைத்துவிடாதீர்கள். கல்வராயன் மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கே அந்தப் பெயர். வீட்டில் முதல் பட்டதாரி. சென்னையில் ஒரு கம்பெனி இன்டர்வியூ. மூன்று பேர் உட்கார்ந்து, சும்மா பேச்சுக்கு, 'ஹேவ் யு பீன் டு சென்னை பிஃபோர்?' என்று கேட்டிருக்கிறார்கள். இவன், 'எஸ் சார், ஐ ஹேவ் கான் டு சென்னை ஒன் டைம்' என்றிருக்கிறான்.

"அப்போ இங்க உட்கார்ந்திருக்கறது யாரு?" என்று ஒருவர் ஜோக் அடிக்க, மற்ற இரண்டு பேரும் சிரிக்க, பையனுக்கு அப்புறம் வாயே திறக்கவில்லை. அக்கவுன்ட்ஸில் கேட்டதற்குக்கூட, தெரிந்த பதில் வரவில்லையாம்.

"எங்க தப்புன்னே தெரியல சார். போயிருக்கேன்னுதானே சொன்னேன்?"

சிரித்த மூவர் மேல் எனக்குக் கோபம்தான். 'கல்வராயன் மலை போயிருக்கீங்களா' என்று அவர்களைத் தமிழில் கேட்டிருந்தால், வரைபடத்தில் தேடியிருப்பார்கள். ஆனால் கோபத்தால் வேலை கிடைக்காதே! 'நான்' என்று ஆரம்பித்தால் 'ஹேவ் கான்' அநேகமாக வராது என்று அவனுக்குச் சொன்னேன். போனவன் இங்கே இல்லை. இங்கே இல்லாதவன் எப்படி உங்கள் எதிரில் உட்கார்ந்து பேசுவான்? கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போகிறவன் மட்டும் 'ஐ ஹேவ் கான் டு பேங்க்' என்று எழுதலாம்.

அப்புறம் பயிற்சி. ரென் அண்டு மார்ட்டினைத் திறந்தான். அந்த ரென் நம் நாட்டில் கல்வி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர், 'போ ஜெஸ்ட்' என்று ஒரு நாவலும் எழுதியவர். கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் அவருடைய உதாரண வாக்கியங்கள் மனசில் ஒட்ட மறுக்கின்றன. மூடி வை, உன் ஊரையே வைத்து எழுது என்றேன்.

மலை வரலாற்றிலிருந்து ஆரம்பித்தோம். கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து, 1976ல்தான் அது முடிந்தது. 'தி ஜாகீர்ஸ் ஹேவ் கான்' என்றான். சரி. 'தி ஜாகீர்ஸ் வென்ட் இன் 1976' என்றான். அதுவும் சரி. 'தி ஜாகீர்ஸ் ஹேவ் கான் இன் 1976' என்றான்.

நிறுத்து!

வருஷமோ, தேதியோ, 'நேற்று', 'போன வாரம்' என்பதோ வந்துவிட்டால் ஹேவும் ஹேஸும் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடிவிட வேண்டும். வென்ட் மட்டும்தான் அங்கே செல்லும். 'ஐ ஹேவ் கான் டு சேலம் எஸ்டர்டே' என்று நம் ஆபீஸ்களில் தினம் பத்துப் பேர் எழுதுகிறார்கள். 'ஐ வென்ட் டு சேலம் எஸ்டர்டே'. மூன்றெழுத்தில் முடிகிற காரியம்.

இன்னும் சிலர் கூடுதல் மரியாதைக்காக 'ஐ ஹேட் கான் டு சேலம் எஸ்டர்டே' என்கிறார்கள். ஹேட் தனியாக வருகிற ஆசாமி இல்லை, துணை கேட்கும். இறந்தகாலத்தில் இரண்டு காரியம் நடந்திருக்க வேண்டும். முதலில் நடந்ததற்குத்தான் ஹேட். 'நான் ஸ்டாண்டுக்கு வந்தேன், அதற்கு முன்னாடியே வெள்ளிமலை பஸ் போயிருந்தது.' வென் ஐ ரீச்டு தி ஸ்டாண்ட், தி பஸ் ஹேட் கான். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். பையன் ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொண்டான்.

'டிட் யு வென்ட்?' சொல்கிறவர்களுக்கு ஒரே வரி. டிட் ஏற்கெனவே இறந்தகாலத்தைத் தலையில் சுமந்துகொண்டு நிற்கிறது. ஒரே உறையில் இரண்டு கத்தி எதற்கு? டிட் யு கோ, ஐ டிட் நாட் கோ.

இதையெல்லாம்விடப் பெரிய வில்லன் ஒருவன் இருக்கிறான். 'யூஸ்டு டு.' தமிழ்நாட்டில் இவனிடம் ஏமாறாத ஆபீஸே கிடையாது. 'வழக்கமாகப் போவேன்' என்று சொல்ல நினைத்து, 'ஐ யூஸ்டு டு கோ டு ஆபீஸ் அட் நைன்' என்று எழுதுகிறோம். வெளியூர்க்காரன் காதில் அது எப்படி விழும் தெரியுமா? 'முன்னெல்லாம் ஒன்பது மணிக்குப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது நிறுத்திவிட்டேன்.' இன்டர்வியூவில் இதைச் சொல்லிவிட்டு, 'ஏன் வேலை கிடைக்கவில்லை' என்று கேட்டால் என்ன செய்வது? கல்யாணப் பேச்சில் இன்னும் ஆபத்து. 'ஐ யூஸ்டு டு கோ டு டெம்பிள் எவ்ரி ஃப்ரைடே' என்று பெண்ணின் மாமாவிடம் இங்கிலீஷில் பெருமையடித்துக்கொண்டால், பையன் நாஸ்திகனாகிவிட்டான் என்று அவர் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இன்றும் தொடர்கிற வழக்கத்துக்கு 'ஐ கோ' போதும். வேண்டுமானால் 'யூஷுவலி' என்று ஓர் ஊறுகாய்.

நின்று போன பழக்கத்துக்கு மட்டும் யூஸ்டு டு. அதற்கு ஓர் உதாரணம் எழுது என்றபோது, வெள்ளிமலைப் பையன் யோசிக்கவே இல்லை:

'மை கிராண்ட்ஃபாதர் யூஸ்டு டு கோ டு கச்சிராயபாளையம் ஆன் ஃபுட்.'

தாத்தா மலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு நடந்தே இறங்குவாராம். கடுக்காய் மூட்டை போகும்போது, உப்பும் மண்ணெண்ணெயும் வரும்போது. இப்போது பஸ் இருக்கிறது. தாத்தா இல்லை. வாக்கியத்தில் ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "ஐ வில் கோ அண்ட் கம், சார்" என்றான். 'போயிட்டு வரேன்' என்பதன் அச்சு அசல் பெயர்ப்பு. இங்கிலீஷில் அப்படி ஒரு விடைபெறுதல் கிடையாது. வெறும் 'போறேன்' என்று நம் வீட்டு வாசலில் எவனும் சொல்ல மாட்டான், சொன்னால் பாட்டி விடமாட்டாள். ஆபீஸ் மெயிலில் இதை எழுதாதீர்கள், அவ்வளவுதான். வாசலில் சொல்வதைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை.

"கோ அண்ட் கம், தம்பி" என்றேன்.