ஏலத்துக்கு வந்த மர்ஃபி ரேடியோ



உங்கள் தாத்தா வீட்டுப் பரணை எப்போதாவது எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டுப் பரணில் ஒரு காலத்தில் மர்ஃபி ரேடியோ ஒன்று இருந்தது. என் அப்பா சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வாங்கியது. அது பாடாமல் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. நான் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். அப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால், அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த ரேடியோ சென்ற ஆண்டு என் நினைவுக்கு வந்தது. அதுவும் எங்கே தெரியுமா? இங்கிலாந்தில்!

மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். "தாத்தா, பக்கத்து ஊரில் பழைய ரேடியோ ஏலமாம், போகலாமா?" என்றான் பத்து வயதுப் பேரன். உடனே கிளம்பிவிட்டோம்.

அந்த நாட்டில் பழைய ரேடியோக்களைச் சேகரிப்போர் நிறையப் பேர். பிரிட்டிஷ் விண்டேஜ் வயர்லெஸ் சொசைட்டி என்ற சங்கம்கூட 1976-ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. நாங்கள் போனது ஒரு சமுதாயக் கூடம். நீள மேசைகளில் வரிசையாக ரேடியோக்கள். ஒவ்வொன்றின் மீதும் ஒரு எண் ஒட்டியிருந்தார்கள். ஏலம் தொடங்கும் முன் யார் வேண்டுமானாலும் அருகில் போய்ப் பார்க்கலாம்.

வட்டவடிவில் ஒரு கறுப்பு ரேடியோ இருந்தது. எக்கோ ஏ.டி. 65 என்று பெயர். 1934-இல் வந்தது. பேக்லைட் என்ற பொருளால் ஆனது. பேக்லைட்டை 1907-இல் கண்டுபிடித்தவர் லியோ பேக்லேண்ட். அச்சில் வார்த்து எந்த வடிவமும் செய்யலாம் என்பதால், மரப்பெட்டி போலச் சதுரமாக இருக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது!

அதற்குப் பக்கத்தில் அலங்காரமே இல்லாத ஒரு மரப்பெட்டி. தயாரித்த கம்பெனியின் பெயர்கூட இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது தொழிற்சாலைகள் எல்லாம் ராணுவத்துக்கு வேலை செய்தன. வீட்டு ரேடியோக்கள் பழுதானால் மாற்ற வழியில்லை. அதனால் 1944-இல் பல கம்பெனிகள் சேர்ந்து, ஒரே அமைப்பில், பொதுமக்களுக்காகச் செய்த ரேடியோ அது. போர்ச் செய்தியைக் கேட்க எத்தனை குடும்பங்கள் இப்படி ஒரு பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்!

அடுத்த மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். மர்ஃபி! இது நம் நாட்டுக் கம்பெனி என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். உதட்டில் விரல் வைத்த குழந்தையின் படம் போட்ட அதன் விளம்பரம் நம் ஊரில் அவ்வளவு பிரபலம். உண்மையில் மர்ஃபி கம்பெனி 1929-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது.

"தாத்தா, சுவிட்சைப் போட்டுப் பார்க்கலாமா?" என்று பேரன் பிளக்கைக் கையில் எடுத்தான். அவ்வளவுதான், மேசைக்குப் பின்னால் இருந்தவர் "வேண்டாம்!" என்று பதறி எழுந்தார்.

ஏன் தெரியுமா? அந்தக் கால ரேடியோவில் டிரான்சிஸ்டர் கிடையாது. கண்ணாடிக் குமிழ் போன்ற வால்வுகள்தான். டிரான்சிஸ்டர் 1947-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. வால்வு சூடேறிய பிறகே ரேடியோ பேசும். சுவிட்சைப் போட்டு அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். பல ரேடியோக்களில் வால்வு வேலை செய்ய 200 வோல்ட்டுக்கும் அதிகமான மின்னழுத்தம் தேவை. உள்ளே இருக்கும் கண்டன்சர், அதாவது உங்கள் பாடப் புத்தகத்தில் வரும் மின்தேக்கி, பல வருடம் சும்மா கிடந்தால் கெட்டுவிடும். அப்படியே கரண்ட் கொடுத்தால் புகைந்து, மற்ற பாகங்களையும் எரித்துவிடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். தொட்டால் ஆபத்து!

ஏலம் தொடங்கியது. நம் ஊரில் "ஒரு தரம், இரண்டு தரம்" என்பார்கள் அல்லவா? அங்கே ஏலம் விடுபவர் கடகடவென்று விலையைச் சொல்கிறார். விருப்பமுள்ளவர் எண் அட்டையைத் தூக்க வேண்டும். கடைசியில் சுத்தியலால் ஒரு தட்டு, முடிந்தது!

மர்ஃபியின் முறை வந்தது. முப்பது பவுண்டு வரை கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். ஒரு பவுண்டு நம் பணத்தில் நூறு ரூபாய்க்கு மேல். பத்து, பதினைந்து, இருபது... அட்டையைப் பிடித்திருந்த கை நடுங்கியது. முப்பதுக்கு நான் தூக்கினேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் முப்பத்தைந்துக்குத் தூக்கினார். பேரன் என் முகத்தைப் பார்த்தான். நான் அட்டையை மடியில் வைத்துவிட்டேன். டக்! சுத்தியல் விழுந்தது.

வெளியே வரும்போது அந்தப் பெரியவர் எங்களிடம் வந்தார். "உங்களுக்கு ஏன் இந்த ரேடியோ?" என்று கேட்டார். அப்பாவின் ரேடியோ பற்றியும், அதை எடைக்குப் போட்டது பற்றியும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு மகளின் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டார்.

"இதைச் சரிசெய்தாலும் எந்த நிலையத்தைக் கேட்பீர்கள்?" என்று பேரன் அவரிடம் கேட்டான். நல்ல கேள்விதான்! பல நாடுகளில் மத்திய அலை ஒலிபரப்பை நிறுத்தி வருகிறார்கள். பழைய ரேடியோ சரியாக இருந்தாலும் பிடிக்க நிலையம் இருக்காது. அதனால், வீட்டுக்குள் மட்டும் கேட்கும் சின்ன ஒலிபரப்புக் கருவியைச் சேகரிப்பாளர்கள் வைத்துக்கொள்கிறார்களாம்.

ஒரு மாதம் கழித்து மகளின் கைப்பேசிக்கு ஒரு வீடியோ வந்தது. அதே மர்ஃபி! முதலில் சத்தமே இல்லை. மெல்ல விளக்கு எரிந்தது. ஊர்ப் பெயர்கள் எழுதிய கண்ணாடி மஞ்சளாக ஒளிர்ந்தது. கரகரவென்று ஒரு சத்தம், அதன்பின் தெளிவான பாட்டு! அப்பா பக்கத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

குழந்தைகளே, உங்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். முதல் ரேடியோ வீட்டுக்கு எப்போது வந்தது? அதற்குத் தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்டணம் கட்டிய கதை தெரியுமா? யார் யார் வந்து கேட்டார்கள்? அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பரணில் பழைய ரேடியோ இருந்தால் நீங்களாகத் திறக்காதீர்கள், பிளக்கைச் சொருகாதீர்கள். விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் பெரியவர்கள் காட்டட்டும். ஆனால், எடைக்குப் போடும் முன் ஒருமுறை, அதை வாங்கியவரின் முகத்தைப் பாருங்கள். நான் அன்று பார்க்கவில்லை.