காதுக்கு வேலையில்லாத பந்தயம்

சோழவரத்தில் பந்தயம் பார்த்த பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். யார் ஜெயித்தார்கள் என்பது பிறகுதான் வரும், முதலில் சத்தத்தைத்தான் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது, ஒதுங்க நிழல் இல்லாத பொட்டல். வண்டி கண்ணில் படுமுன்பே காதுக்கு வந்துவிடும். கியர் மாற்றும்போது சத்தம் ஒரு படி இறங்கி ஏறுவதை வைத்தே எந்த வண்டி வருகிறதென்று பந்தயம் கட்டுவார்களாம். அந்த வெயிலுக்குப் பல்லாயிரம் பேர் போனார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் முறையான தடம் வந்தது. வசதியும் பாதுகாப்பும் கூடின. சோழவரத்துக் கூட்டம் மட்டும் அங்கே குடிபெயரவில்லை.

மோட்டார் பந்தயத்துக்கு இனி மவுசு இருக்குமா என்று கேட்டால், இருக்கும் என்று சொல்லத்தான் அறிகுறிகள் அதிகம். 2019-ல் ஓ.டி.டி.யில் தொடங்கிய ஒரு தொடர், பந்தயத் தடத்தை நேரில் பார்த்தேயிராத கல்லூரிப் பெண்களைக்கூட எஃப்1 ரசிகைகளாக்கிவிட்டது. 2024 ஆகஸ்ட் கடைசி நாளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் சாலையில், விளக்கு வெளிச்சத்தில் கார்கள் பறந்தன. 2025 ஜனவரியில் நம் சினிமா நட்சத்திரம் ஒருவரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது, விடிய விடிய ஓட்டும் பந்தயம் ஒன்று உண்டென்பது டீக்கடை வரை தெரிந்தது. நொய்டாவில் மூன்றே வருடத்தில் எஃப்1 நின்றுபோன கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடலாம்.

எனக்கு உள்ள கவலை வேறு. பட்டறையைப் பற்றியது.

கோயம்புத்தூர் ஏன் பந்தய ஊரானது? பணக்காரப் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். லேத்தும் வார்ப்படமும் தெரிந்த கைகள் தெருவுக்குத் தெரு இருந்தது இங்கேதான். எண்பதுகளின் கடைசியில் நாடெங்கும் ஓடிய குட்டிக் காரின் 796 சிசி இன்ஜினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை இந்த ஊரிலேயே கட்டினார்கள். வீட்டு வாசலில் நிற்கும் காரின் இன்ஜின்தான் தடத்திலும் ஓடியது. 2005-ல் எஃப்1-க்குப் போன முதல் இந்தியர் கோவைக்காரர் என்பதை இந்தப் பின்னணியோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன்.

பைக் பக்கம் இன்னும் சுவாரஸ்யம். டூ ஸ்ட்ரோக் வண்டியை ‘டியூன்’ செய்பவர் கையில் கணினி கிடையாது. சிலிண்டரின் போர்ட்டை அரத்தால் மயிரிழை மயிரிழையாகத் தேய்ப்பார். ஹெட்டைக் கொஞ்சம் சீவுவார். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். பிஸ்கட் நிறமென்றால் சரி. கறுத்திருந்தால் பெட்ரோல் கூடுதல். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, இப்படியே விட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இருங்காட்டுக்கோட்டையில் காலையில் சரியாக இருந்த கார்புரேட்டர் ஜெட், மதிய வெயிலுக்குச் சரிப்படாது. காற்று சூடாகி லேசாகிவிடும், ஒரு நம்பர் சின்ன ஜெட் போட வேண்டும். இதைப் பாடம் படித்தா கற்றார்கள்? கிக்கரை உதைத்து, த்ராட்டிலை முறுக்கி, தலையைச் சாய்த்துக் கேட்டுக் கற்றார்கள். வாரம் முழுக்க நம் வண்டிக்கு ஆயில் மாற்றியவர், ஞாயிற்றுக்கிழமை பந்தய வண்டியின் பக்கத்தில் நிற்பார். அவர் நிற்கிறாரே என்று தெருவே கிளம்பிப் போகும். நம் ஊரில் பந்தயத்துக்குக் கூட்டம் சேர்ந்த ரகசியம் இதுதான் என்பது என் துணிபு.

இப்போது அந்தக் காதுக்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது. எஃப்1-லேயே பாருங்கள். நிமிடத்துக்கு 18,000 சுற்று அலறிய வி8 இன்ஜின் போய், 2014-ல் 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைபிரிட் வந்தது. முதல் பந்தயமான மெல்போர்னிலேயே சத்தம் போதவில்லை என்ற குறை எழுந்தது. புகைக்குழாய் நுனியில் நாதஸ்வர அணைசு மாதிரி ஒன்றை மாட்டிக்கூடப் பார்த்தார்கள். சத்தம் கூடவில்லை, கழற்றிவிட்டார்கள். 2026 விதிகளின்படி காரின் சக்தியில் ஏறக்குறைய பாதி மின்சாரத்திலிருந்து வருகிறது. முழுக்க மின்கார்கள் ஓடும் ஃபார்முலா ஈ, 2023 பிப்ரவரியில் ஹைதராபாத் உசேன் சாகர் கரைக்கு வந்தது. மறு வருடம் வரவில்லை.

புகையில்லை, இரைச்சலில்லை, அதனால்தான் நகரத்துக்குள் பந்தயம் நடத்த முடிகிறது என்பார்கள் மின்கார் ஆதரவாளர்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் சீல் வைத்த பேட்டரிக்கும் கடவுச்சொல் போட்ட மென்பொருளுக்கும் முன்னால் நம் பட்டறைக்காரர் எங்கே நிற்பார்? அவருக்குப் புதிதாகக் கற்கும் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. திறந்து பார்க்க ஒன்றை அவரிடம் கொடுத்தால்தானே கற்பார்! 2025-ல் எஃப்1 வட்டாரத்திலேயே, வி10, வி8 இன்ஜின்களுக்குத் திரும்பலாமா என்ற பேச்சு எழுந்தது. நடந்தாலும் அந்தச் சத்தம் டிவி வழியாகத்தான் நமக்கு வரும். நம் கோவை செட்டிப்பாளையத்துத் தடத்தில் எது ஓடப் போகிறது என்பதே என் கேள்வி.

செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில், கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்த கார்களைக் கொண்டுவந்து போட்டியிடுகிறார்கள். மின்கார்களுக்குத் தனிப் பிரிவே உண்டு. உயர் அழுத்த மின்சாரம் ஓடும் ஒயர்கள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், பயிற்சி பெற்றவர் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், ராத்திரி கண்விழித்து ஒவ்வொரு செல்லாக அளந்து பார்க்கிறார்கள். அவர்களைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. காரின் இரும்புச் சட்டத்தைப் பற்றவைக்க இன்னும் பட்டறையைத் தேடிப் போகிறார்கள். பேட்டரிப் பெட்டியைத் திறக்கும்போதும் அந்த வெல்டரை ஒரு நாள் பக்கத்தில் உட்காரவைத்து, எது எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று காட்டினால் என்ன?