மலைக்குப் போன தபால்

இன்றைய பாலக்காடு மாவட்டத்துக்குள் ஒரு காலத்தில் இரண்டு அரசுகளின் தபால் ஓடியது. பாலக்காடு நகரம் பிரிட்டிஷ் மலபாரில் இருந்தது; அங்கே இந்தியத் தபால். பக்கத்திலிருக்கும் சித்தூர் கொச்சி ராஜ்ஜியம். அங்கே கொச்சி அஞ்சல். அந்த மாவட்டத்தைத் தாண்டித் தெற்கே, மலைமேல் தேவிகுளமும் மூணாறும் திருவிதாங்கூருக்குச் சொந்தம். அந்த சமஸ்தானம் 1888-இல் சொந்தத் தபால்தலையே அச்சடித்தது. மணி கட்டிய கோலைக் குலுக்கிக்கொண்டு ஓடும் அஞ்சல்காரரும், சங்கு முத்திரை பொறித்த அறுகோண இரும்புப் பெட்டியும்தான் திருவிதாங்கூர் அஞ்சலின் அடையாளம். பழைய பெட்டிகள் சில கேரளத்தில் இன்றும் நிற்கின்றன.

ஆனால் அந்தத் தபால்தலை பிரிட்டிஷ் இந்தியாவுக்குச் செல்லாது. மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்களின் சொந்தபந்தமெல்லாம் தேனிப் பக்கத்திலும் திருநெல்வேலிச் சீமையிலும் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் அடிவாரத்தில் இருக்கும் போடிக்கு எழுதினாலும் பிரிட்டிஷ் இந்தியத் தலைதான் ஒட்டவேண்டும். 1951-இல் சமஸ்தான அஞ்சல் துறைகள் இந்தியத் தபாலோடு இணைந்த பிறகே இந்த வேலி போனது.

தேயிலைக்கு அத்தனை சிரமம் இருக்கவில்லை. 1902-இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாள வண்டி. 1908-இல் அது குறும்பாதை ரயிலானது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவழி கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்குப் போயின. அதே மலையில் தொழிலாளர்கள் மூட்டையும் பிள்ளையுமாக நடந்தே ஏறினார்கள். 1924 வெள்ளம் ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. அதை மறுபடி யாரும் போடவில்லை.

எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்த மக்களுக்கு உண்மையாகவே கைகொடுத்தது அஞ்சலட்டை. 1869-இல் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் உலகிலேயே முதன்முதலாக வெளியான அந்த அட்டை, பத்தே ஆண்டில், 1879-இல், காலணா விலைக்கு இந்தியாவுக்கு வந்துவிட்டது. எழுதத் தெரிந்த ஒருவர் லயத்தில் இருந்தால் போதும்; பத்து வீட்டுச் செய்தி ஊருக்குப் போய்விடும். நலம், நலமறிய ஆவல், சம்பளம் போட்டதும் பணம் அனுப்புகிறேன், தங்கச்சி கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்றா. மூடி ஒட்டாத அட்டை என்பதால் குடும்ப ரகசியம் எதுவும் தங்காது. அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, படித்துக் காட்டவே இன்னொருவர் வேண்டியிருந்த காலம் அது.

தந்தி வந்தால் பிரிக்கும் முன்பே வீட்டில் அழுகை எழும். ஊரில் யாரோ போய்விட்டார் என்றுதான் அர்த்தம். சேதி கிடைத்து, லீவு சொல்லி, பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பலருக்குக் காரியம் முடிந்திருக்கும். அந்தத் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது.

இன்று லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து சொந்த ஊரான கயத்தாற்றில் இருக்கும் பேரக்குழந்தையின் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். பணம் அனுப்ப மணியார்டர் ஃபாரம் நிரப்ப வேண்டியதில்லை, போனிலேயே போய்விடுகிறது. இது சின்ன விஷயமல்ல. மூன்று தலைமுறைப் பிரிவின் வலியை இது நிஜமாகவே குறைத்திருக்கிறது.

ஆனாலும் 2020 ஆகஸ்ட் 6-ஐ மறக்க முடியவில்லை. பல நாள் விடாத மழை. ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் இரவு பதினொரு மணிக்குச் சற்று முன் மலை சரிந்து லயங்களை மூடியது. கரண்ட் இல்லை, போனும் எடுக்கவில்லை. உயிர் தப்பியவர்கள் இருட்டில், கொட்டும் மழையில் நடந்துபோய்த்தான் சொல்லவேண்டியிருந்தது. விடிந்த பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது. 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அஞ்சல்காரர் ஓடிய காலத்தைப் போலவே அன்றும் செய்தி மனிதக் காலில்தான் வந்தது.

பெட்டிமுடி வழியாகத்தான் இடமலக்குடிக்குப் போகவேண்டும். 2010-இல் உருவான கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி அது. முதுவர் பழங்குடியினரின் குடிகள் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில் டவர் நட்டதோடு வேலை முடிந்ததாகக் கணக்கு எழுதக்கூடாது. கரண்ட் போய் மூன்று நாள் ஆனாலும் டவருக்கு பேட்டரியோ ஜெனரேட்டரோ ஓடவேண்டும்; எல்லாம் செத்துப்போனாலும் பேச, ஒவ்வொரு எஸ்டேட் டிவிஷனிலும் ஒவ்வொரு குடியிலும் ஒரு வயர்லெஸ் செட் இருக்கவேண்டும், அதை இயக்கத் தெரிந்த ஆள் அங்கேயே இருக்கவேண்டும். ஜூன் மாதம் மழை தொடங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது.