‘லவ் பேர்ட்ஸ்’ ஏன் சண்டை போடுகின்றன?

மும்பையில் நம்மவர் வீட்டுப் பால்கனியில் ஒரு கூண்டு தொங்கினால், அதற்குள் இருப்பவை பெரும்பாலும் ‘லவ் பேர்ட்ஸ்’தான். பச்சை, நீலம், மஞ்சள் என்று வண்ண வண்ணமாய், சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிதாய், நாள் முழுதும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் இந்தப் பறவையின் சரியான பெயர் பட்ஜரிகர். சுருக்கமாகப் பட்ஜி. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியைச் சேர்ந்த சின்னஞ்சிறு கிளி. ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் 1840இல் உயிருள்ள பறவைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பிறகு உலகமெங்கும் கூண்டுகளில் பரவிவிட்டது. உண்மையான ‘லவ் பேர்ட்’ ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு கிளி. நம் ஊரில் யாரோ பெயரை மாற்றி வைத்துவிட்டார்கள். இரண்டு பறவைகள் மூக்கோடு மூக்கு உரசி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் அந்தப் பெயர்தான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, எங்கள் கூண்டிலேயே கொலை நடக்கும்வரை.

ஆண்டாப் ஹில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது, பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் மூன்று ஜோடி வாங்கி வந்தேன். முட்டையிட மண் மட்காக்களை நானே கட்டினேன். ஒன்று கூண்டின் உச்சியில், சுவரோரமாக, ஒன்று நடுவில், இன்னொன்று கீழே, கதவுக்குப் பக்கத்தில். ஜோடிக்கு ஒரு வீடு, கணக்குச் சரி என்று நினைத்தேன். நீலப் பெட்டை உச்சி மட்காவைப் பிடித்துக்கொண்டது. மற்ற இரண்டும் தமக்கென்று காலியாகக் கிடந்த மட்காக்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதிலும் பச்சைப் பெட்டை பொழுது விடிந்தால் உச்சி மட்காவின் வாயிலில்தான் நிற்கும். ஆண்கள் மூன்றும் இதில் தலையிடாமல் கம்பியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தன.

நீலம் ஐந்து முட்டை இட்டது, மூன்று பொரிந்தன. ஒரு நாள் காலையில் பார்த்தால், நீலத்தின் காலில் ரத்தம். மட்காவுக்குள் பச்சைப் பெட்டை. இரண்டு குஞ்சுகள் தலையில் கொத்துப்பட்டுச் செத்துக் கிடந்தன. மூன்றாவது கீழே தட்டில். “லவ் பேர்ட்ஸ்னுதானேப்பா சொன்னீங்க?” என்று மகள் அழுதுகொண்டே கேட்டாள். “கேக்கிறாள்ல, பதில் சொல்லுங்க” என்றாள் மனைவி.

என்னிடம் பதில் இல்லை. தாராவியில் வீட்டு மொட்டைமாடியில் புறாவும் பட்ஜியும் வளர்த்துவந்த ஒரு திருநெல்வேலிக்கார அண்ணாச்சியிடம் போனேன்.

“எத்தன மட்கா கட்டுனீங்க தம்பி?”

“மூணு ஜோடிக்கு மூணு, அண்ணாச்சி.”

“ஒரே மட்டத்துலயா?”

“இல்ல, மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கீழ ஒண்ணு.”

“பின்ன சண்ட வராம என்ன செய்யும்? மேல இருக்கதுதான் எல்லாத்துக்கும் வேணும். இதுங்கள்ள வீடு பொட்டைக்குத்தான் தம்பி, ஆணுக்கு இல்ல. ஆறு மட்கா கட்டுங்க, எல்லாம் ஒரே உயரத்துல. ஜோடியில்லாத பொட்ட ஒண்ணுகூட உள்ள இருக்கக் கூடாது.”

அண்ணாச்சி புத்தகம் படித்துச் சொன்னவர் அல்லர். பின்னால் நான் தேடிப் படித்தபோது, அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் காரணம் இருப்பது தெரிந்தது.

பறவைக் கூட்டத்தில் யார் பெரியவர், யார் சின்னவர் என்ற வரிசை உண்டு என்பதை முதலில் முறையாக எழுதியவர் நார்வே நாட்டு ஷெல்டெருப்-எப்பே. 1922இல் வெளியான அவரது ஆய்வு நாட்டுக்கோழிகளைப் பற்றியது. முதல் கோழி இரண்டாவதைக் கொத்தும், இரண்டாவது மூன்றாவதைக் கொத்தும். கொத்துப்பட்டது திருப்பிக் கொத்தாது. 1934இல் சிகாகோவைச் சேர்ந்த மசூர், ஆலீ என்ற இருவர் புறாக்களையும் பட்ஜிகளையும் கவனித்து எழுதினார்கள். கோழிகளிடம் உள்ள கறாரான வரிசை இவற்றிடம் இல்லை; இன்று தோற்றது நாளை ஜெயிக்கும், அதிகத் தடவை ஜெயிப்பதே மேலானது என்று கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கண்டது. ஆபீசில் சீனியாரிட்டி லிஸ்ட் போட்டுவிட்டால் அதோடு முடிந்தது. பட்ஜியின் லிஸ்ட் தினமும் திருத்தப்படுகிறது. அதனால்தான் என் பச்சைப் பெட்டை தினமும் தோற்றும் தினமும் வந்தது.

சரி, சண்டை ஏன் தீனிக்காக வராமல் மட்காவுக்காக வருகிறது? தீனி எப்போதும் தட்டில் நிறைய இருக்கிறது. (கடையில் ‘காங்னி’ என்று கேட்டு வாங்குகிறோமே, அது நம் தினைதான். சங்கப் பாடல்களில் குறிஞ்சி நிலப் பெண்கள் கவண் எறிந்து கிளி ஓட்டிக் காத்த அதே தினை. இன்று நாம் காசு கொடுத்து வாங்கிக் கிளிக்கே போடுகிறோம்.) கிளிகளுக்கு எங்குமே குறைவாக இருப்பது பொந்துதான். மரங்கொத்தி தன் வீட்டைத் தானே குடைந்துகொள்ளும். கிளிகளில் பெரும்பாலானவை அப்படி அல்ல. இருக்கிற பொந்தைக் கடித்து அகலமாக்கத்தான் அவற்றால் முடியும். ஆக, ஒரு காட்டில் எத்தனை ஜோடி குஞ்சு பொரிக்கலாம் என்பதை அங்குள்ள பொந்துகளின் எண்ணிக்கையே முடிவு செய்துவிடுகிறது. பட்ஜியின் சொந்த நாட்டில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்து, புல் விதை முற்றியதும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கி, யூகலிப்டஸ் மரப் பொந்துகளில் உடனே முட்டையிடத் தொடங்கும். ஒரே மரத்தில் பல ஜோடிகள். அந்த நேரத்தில் பொந்து பிடிக்காத பெட்டைக்கு அந்தப் பருவமே போய்விடும். உயரமான பொந்தில் தரையிலிருந்து வரும் ஆபத்தும் குறைவு.

இதைவிட வியப்பானது, பொந்து பெட்டையின் உடம்புக்குள்ளேயே வேலை செய்கிறது என்பது. 1960களில் அமெரிக்காவில் பார்பரா பிராக்வே நடத்திய சோதனைகளில், ஆண் பட்ஜியின் பாட்டைக் கேட்டால்தான் பெட்டையின் முட்டைப்பை நன்கு வளர்கிறது என்று தெரிந்தது. அதோடு, நுழைந்து உட்காரப் பொந்தும் வேண்டும். பொந்தின் இருட்டுக்கே இதில் பங்கு உண்டு என்பதை 1973இல் ஹைண்ட், புட்மன் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். பொந்து கிடைக்காத பெட்டை பெரும்பாலும் முட்டையிடாமலே இருந்துவிடும். கம்பியில் உட்கார்ந்து சும்மா பாடுகின்றன என்று நான் நினைத்த ஆண்கள் உண்மையில் தங்கள் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. என் பச்சைப் பெட்டைக்குப் பாட்டு இருந்தது. தான் வீடு என்று ஒத்துக்கொண்ட ஒன்று இல்லை.

குஞ்சுகளைக் கொன்றது ஏன்? இது கூண்டில் அடைத்ததால் வந்த கோளாறு என்றுதான் நெடுநாள் நம்பினேன். ஆனால் தென்னமெரிக்காவின் வெனிசுலா புல்வெளிகளில், பட்ஜியைவிடவும் சிறிய ஒருவகைப் பச்சைக்கிளியை 1988 முதல் பல ஆண்டுகள் ஸ்டீவன் பைசிங்கர் குழுவினர் ஆராய்ந்தார்கள். குழாய்களைப் பொந்துபோல் மாட்டி வைத்து, ஒவ்வொரு கூட்டையும் கவனித்தார்கள். அங்கும், காட்டிலேயே, அயல் கிளிகள் நுழைந்து குஞ்சுகளைக் கொன்று பொந்தைப் பிடித்துக்கொள்வது நடக்கிறது. குஞ்சு போனால் வீடு காலி. இதே கிளிகளில் சில, துணையை இழந்த கிளியோடு சேர்ந்து அதன் குஞ்சுகளைத் தம் குஞ்சுபோல் வளர்ப்பதும் உண்டு. நல்லது கெட்டது என்று நம் அளவுகோலை அங்கே கொண்டுபோக முடியவில்லை.

பொந்தைப் பிடித்த பிறகும் எத்தனை குஞ்சு தேறும் என்பது வேறு கதை. பட்ஜி ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிடும். முதல் முட்டைகளிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிடும். சுமார் 18 நாளில் பொரியும். எனவே ஐந்தாறு முட்டை என்றால், மூத்த குஞ்சுக்கும் கடைக்குட்டிக்கும் ஒரு வாரத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். மூத்தது இறகு முளைக்கிற நேரத்தில் கடைக்குட்டி கண் திறந்திருக்காது. இதைப் பற்றி ஜூடி ஸ்டாம்ப்ஸும் கூட்டாளிகளும் 1985இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அப்பா யார் அதிகம் கத்துகிறார்களோ அவர்களுக்கு ஊட்டுகிறது; அம்மா கத்தலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் சின்னதாகப் பார்த்து ஊட்டுகிறது. இதை நான் வீட்டில் படித்துக் காட்டியபோது, இதற்கெல்லாம் ஆராய்ச்சி வேண்டுமா என்று கேட்டார்கள்.

அடுத்த தடவை அண்ணாச்சி சொன்னபடி ஆறு மட்காக்களை ஒரே மட்டத்தில் கட்டினேன். இரண்டு நாள் அலகு மோதல் இருந்தது. பிறகு ஆளுக்கொன்றாகப் பிரிந்துகொண்டன. மூலையில் இருந்த இரண்டுக்குத்தான் முதல் கிராக்கி. மஞ்சளின் முட்டைகள் ஒன்றுகூடப் பொரியவில்லை. அது சண்டையால் அல்ல, முட்டைகளே கூமுட்டை. மற்ற இரண்டும் சேர்ந்து ஒன்பது குஞ்சுகளைப் பறக்கவிட்டன. கொலைகாரி என்று பிள்ளைகள் பெயர் வைத்திருந்த பச்சைதான் அதில் ஐந்துக்குத் தாய்.

இத்தனையும் படித்தபின் எங்கள் கட்டடத்துக்கு எதிரே இருந்த தூங்குமூஞ்சி மரத்தை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். அதில் ஒடிந்துபோன ஒரு தடித்த கிளையின் அடியில் பொந்து; அதில் நம் ஊர்ப் பச்சைக்கிளி. கழுத்தில் சிவப்பும் கறுப்புமாய் வளையம் உள்ளது ஆண். காலனியில் அதைத்தான் ‘ராஜா’ என்பார்கள். ஆனால் அந்த ராஜா, ராணி இடம் கொடுத்தால்தான் பக்கத்தில் உட்கார முடியும். இந்த இனத்திலும் ஆண்டின் பெரும்பகுதி பெட்டையின் கைதான் ஓங்கியிருக்கும். ஆண் தலையைத் தாழ்த்தி, ஒரு காலைத் தூக்கி, தீனியைக் கக்கி ஊட்டித்தான் நெருங்கும். மைனா, புள்ளி ஆந்தை, அணில் எல்லாமே பொந்துக்கு அலைபவை. பச்சைக்கிளிக்கு ஒரு வசதி, அது முந்திக்கொள்கிறது. மைனா கோடையில் வீடு தேடி வரும்போது, ஜனவரியிலேயே வந்த கிளி உள்ளே குஞ்சோடு இருக்கும்.

இதே சாமர்த்தியம் வெளிநாட்டில் அதைத் தொல்லையாக்கிவிட்டது. பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவிலிருந்து 1974இல் சுமார் 40 பச்சைக்கிளிகளைத் திறந்துவிட்டார்கள், அவை பெருகின. பெல்ஜிய ஆய்வாளர்கள் ஸ்ட்ரூபே, மத்தீசன் இருவரும் கிளிகளின் பொந்துகளை அடைத்துப் பார்த்தார்கள். கிளிகள் நட்ஹாட்ச் என்ற சிறு பறவையின் பொந்துகளைப் பிடித்துக்கொண்டன, நட்ஹாட்ச் குறைந்தது. ஸ்பெயினின் செவில் நகரப் பூங்காவில் பச்சைக்கிளிகள் ஓர் அரிய பெரிய வௌவாலைப் பொந்திலிருந்து விரட்டிக் கொல்வதை 2018இல் வெளியான ஆய்வு ஒன்று விவரிக்கிறது.

இங்கே நிலைமை தலைகீழ். ஒரு மே மாதம், மழைக்கு முன் கிளை கழிக்க வந்தவர்கள் பக்கத்து மரத்தின் பட்ட கிளையை வெட்டினார்கள். பட்ட கிளையில்தான் பொந்து இருக்கும். உள்ளே இருந்த இரண்டு குஞ்சுகள் ரோட்டில் விழுந்தன. ஒரு பக்கத்து வீட்டு அம்மாள், “எங்க வீட்ல வளர்க்கறோம், பேசப் பழக்கலாம்” என்றார். நல்ல மனசோடு கேட்டதுதான். ஆனால் நம் நாட்டுக் கிளியை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்ஜி அயல்நாட்டுக் கிளி என்பதால் அதற்கு இது பொருந்தாது. 2024 ஏப்ரலில், தேர்தலுக்கு ஜோசியம் சொன்ன கிளி ஜோசியர் ஒருவரைக் கடலூர்ப் பக்கம் வனத்துறையினர் பிடித்தது பத்திரிகைகளில் வந்தது. குஞ்சுகளைப் பரேல் பிராணி மருத்துவமனைக்கு எடுத்துப்போனோம். ஒன்று வழியிலேயே செத்துவிட்டது.

கீழே இறங்கி, கிளை கழிப்பவர்களின் மேஸ்திரியிடம் எதிர் மரத்துப் பொந்தைக் காட்டினேன். அவர் மேலே பார்த்தார். அந்த ஒடிந்த கிளை ரோட்டுப் பக்கம் சாயவில்லை, விட்டுவிடலாம் என்று மராத்தியில் சொன்னார். அன்று அதில் மூன்று குஞ்சுகள் இருந்தன. ஜூன் முதல் மழைக்குள் மூன்றும் பறந்துவிட்டன.